காட்டுத் தொழிலும் கணக்குப் புத்தகமும்

காட்டோரத்திற் குடியேறிய விவசாயக் குடும்பத்திற்குக் காடு இரண்டு விதமாகத் தோன்றும். ஒன்று, இன்னும் வெட்டித் துப்புரவாக்கப்படாத காணி. மற்றது, விறகும் தேனும் பழமும் தடியும் தருகின்ற இடம். ஊரையும் வயலையும் விட்டு இடம்பெயர்ந்து, கையில் ஒரு மண்வெட்டியும் கத்தியும் மாத்திரம் உள்ள ஒருவர் முதலாவது கண்கொண்டு காட்டைப் பார்ப்பதில் வியப்பில்லை. அதைக் குற்றமென்றும் நாம் சொல்லமாட்டோம். பிள்ளைக்குச் சோறு வேண்டும். சோற்றுக்கு வயல் வேண்டும். ஆயினும் ஒரு கேள்வியை இங்கே ஆராய விரும்புகிறோம். காட்டைக் காடாகவே வைத்துக்கொண்டு, ஒரு கிராமம் கூட்டாக அதில் தொழில் செய்து பிழைக்க முடியுமா? முடியுமென்றால் அத்தொழிலைத் தாங்கி நிற்பது எது? கவிழ்ப்பது எது?

இதற்கு விடை தேடித் தூரதேசமொன்றுக்குப் போகவேண்டியுள்ளது. மத்திய அமெரிக்காவில் உள்ள குவாத்தமாலா என்னும் நாட்டின் வடபகுதி பெத்தேன் எனப்படும். வெப்பமண்டலக் காடு அடர்ந்த மாநிலம். அந்நாட்டை நாம் தெரிந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே 1960ஆம் ஆண்டிலிருந்து 1996ஆம் ஆண்டு வரை உள்நாட்டுப் போர் நடந்தது. இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டோ காணாமற் போயோ உள்ளனர் எனப் பின்னர் அமைக்கப்பட்ட உண்மையறியும் ஆணைக்குழு மதிப்பிட்டது. கிராமங்கள் எரிக்கப்பட்டன. நாற்பத்தையாயிரம் அளவிலான மக்கள் அயல்நாடான மெக்சிக்கோவில் அகதிகளாகப் பதியப்பட்டிருந்தனர். பதியப்படாதவர்கள் இன்னும் பலர். அந்நாட்டு மக்கள் சொல்லும் கதையைக் கேட்க நமக்கு மொழிபெயர்ப்பாளர் அதிகம் தேவைப்படமாட்டார்.

காகிதத்தில் வந்த உரிமை

1990ஆம் ஆண்டு குவாத்தமாலா அரசு பெத்தேனின் வடபாதியை "மாயா உயிர்க்கோளக் காப்பகம்" எனப் பிரகடனஞ் செய்தது. ஏறக்குறைய 21,000 சதுர கிலோமீற்றர். இலங்கைத் தீவின் மூன்றிலொரு பங்கு அளவு. வரைபடத்திற் கோடு கீறியாயிற்று. ஆனால் கோட்டுக்குள்ளே ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். தலைமுறையாகக் காட்டிற் பால் சேகரித்து வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். தெற்கிலிருந்து காணி தேடி வந்து சோளம் விதைத்தவர்களும் இருந்தார்கள். "வெளியே போ" என்று அரசு சொன்னால் போவதற்கு இடமில்லை. தம் காணிக்குள்ளே ஒருநாள் எல்லைக்கல் முளைத்திருக்கக் கண்ட அனுபவம் நம்மவரிற் பலருக்கும் உண்டு என்பதால், அம்மக்களின் கோபத்தை இங்கே விவரிக்கத் தேவையில்லை.

பல வாக்குவாதங்களின் பின் ஒரு வழி பிறந்தது. நிலம் அரசினுடையதாகவே இருக்கும். ஆனால் காட்டின் ஒரு பகுதியைப் பயன்படுத்தும் உரிமை, எழுத்து மூலமான ஒப்பந்தத்தின் பேரில், 25 ஆண்டுகளுக்குக் கிராமத்திற்கு வழங்கப்படும். முதலாவது ஒப்பந்தம் 1994ஆம் ஆண்டு கைச்சாத்தானது. கார்மெலீத்தா என்னும் கிராமம் 1997இல் ஐம்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற்பட்ட காட்டைப் பெற்றது. உவாஷக்தூன் என்னும் கிராமம் 2000ஆம் ஆண்டில் எண்பதாயிரம் ஹெக்டேயருக்கு மேற் பெற்றது. ஒரு ஹெக்டேயர் நமது கணக்கில் இரண்டரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இப்படியாக 2002ஆம் ஆண்டளவில் பன்னிரண்டு கிராமிய அமைப்புகள் ஒப்பந்தம் பெற்றிருந்தன. அவை தனித்தனியே போய்க் கதவைத் தட்டவில்லை. 1995இலேயே தமக்குள் ஓர் ஒன்றியத்தை அமைத்துக்கொண்டன. அக்கோபொப் என்பது அதன் சுருக்கப் பெயர். அரசோடு பேசுவதும், தம் பங்கு கேட்பதும் அந்த ஒன்றியத்தின் வாயாலேயே நடந்தன.

உரிமை 25 ஆண்டுகளுக்கு என்பதைச் சற்று நின்று யோசிக்க வேண்டும். இரண்டு வருட அனுமதிப்பத்திரத்தை வைத்திருப்பவன் என்ன செய்வான்? அகப்பட்டதை இப்போதே வெட்டுவான். நாளைக்கு அது வேறொருவருடையது ஆகலாம் அல்லவா? தன் மகனும் அதே காட்டில் மரம் தறிப்பான் என்ற நிச்சயம் உள்ளவனே இளமரத்தை விட்டுவைப்பான். அறிவுரை சொல்லி வராத பொறுமை, உறுதியான பத்திரத்தினால் வந்துவிடுவதுண்டு.

மரம் தறிக்கும் முறை

ஒப்பந்தம் இலவசமாக வரவில்லை. கிராமம் காட்டுக்கு ஒரு திட்டம் எழுதவேண்டும். மூன்று ஆண்டுகளுக்குள், காட்டை ஒழுங்காகப் பராமரிப்பதாகச் சர்வதேச வனப் பொறுப்பாண்மைச் சபையின் சான்றிதழைப் பெறவேண்டும். நெருப்பு வராமற் காவல் செய்யவேண்டும்.

திட்டத்தின் அடிப்படை மிக எளியது. ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரு கிராமத்திடம் 5,000 ஏக்கர் காடு இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். அதனை 25 துண்டுகளாகப் பிரித்தால் ஒரு துண்டு 200 ஏக்கர். இவ்வருடம் முதலாவது துண்டில் மட்டும் வேலை. அதிலுள்ள பெறுமதியான மரங்கள் ஒவ்வொன்றையும் எண்ணி, சுற்றளவு அளந்து, இலக்கமிட்டு, வரைபடத்திற் குறிப்பர். விதை தரும் தாய்மரங்களுக்குத் தனி அடையாளம், அவற்றைத் தொடக்கூடாது. மெலிந்தவற்றையும் தொடக்கூடாது. மிஞ்சிய முதிர்மரங்களிற் சிலவற்றையே தறிப்பர். பெத்தேனில் இது ஒரு ஹெக்டேயருக்கு ஒன்றிரண்டு மரங்கள் என்ற அளவிலேயே அமைகிறது. அடுத்த வருடம் இரண்டாவது துண்டு. முதலாவது துண்டுக்குத் திரும்பி வரும்போது 25 வருடம் கடந்திருக்கும். அங்கே சில இடங்களில் இச்சுற்றை இன்னும் நீளமாகவே வைத்துள்ளனர்.

தறிக்கும் மரங்களில் முதன்மையானது மகோகனி. நமது நாட்டிலும் வீதியோரங்களிலும் அரச தோட்டங்களிலும் நட்டிருக்கிறார்களே, அதே பெரிய இலை மகோகனி. அதன் தாயகம் அப்பகுதிதான். நல்ல விலை போகும். கிற்றார் வாத்தியம் செய்யும் அமெரிக்கக் கம்பனிகளும் அதை வாங்குகின்றன.

மாதந்தோறும் வரும் காசு

ஆனால் மகோகனி மட்டும் ஒரு கிராமத்தைக் காப்பாற்றாது. மரம் வருடத்தில் ஒரு பருவத்திலேயே விற்கும். மழைக்காலத்தில் லொறி போகாது. மீதி மாதங்களில் அடுப்பு எரிவது எப்படி? இவ்விடத்திலேதான் பெத்தேன் கதை நமக்கு மிகவும் பயன்படுகிறது.

கார்மெலீத்தாவும் உவாஷக்தூனும் பால் சேகரிப்போரின் வாடிகளாகத் தொடங்கிய ஊர்கள். சிக்ளே எனப்படும் அப்பாலைக் காய்ச்சியே முன்பு சூயிங்கம் செய்தார்கள். அந்தப் பால் எந்த மரத்தினுடையது தெரியுமா? நம் வளவுகளிற் பழம் பிடுங்கும் சப்போட்டா மரந்தான். வன்னிக் காட்டின் பாலை மரமும் தாவர நூலாரின் கணக்கில் அதே பேரினத்தைச் சேர்ந்தது. பாலைப்பழம் தின்று உதடு ஒட்டியவர்களுக்கு இது புதினமாயிராது. றப்பர் மரத்திற் போலவே பட்டையைக் கீறிப் பால் எடுத்தபின் மரத்தைச் சில வருடங்கள் ஆறவிடுவார்கள். செயற்கைப் பசை வந்தபின் அதன் சந்தை சுருங்கிவிட்டது. இருந்தாலும் முற்றாக மறைந்துவிடவில்லை.

அதனிலும் முக்கியமானது ஷாத்தே. இது பெருமரங்களின் நிழலில் வளரும் ஒரு சிறு கமுகு இனம். இதன் இலை வெட்டிய பின்னும் வாரக்கணக்கில் வாடாது. ஆகையால் பூச்செண்டு கட்டுவோர் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாங்குவர். நிழல் போனால் ஷாத்தே இல்லை. காடு நின்றால்தான் இலை. ஆண்கள் காட்டிற் சென்று வெட்டி வருவர்; பெண்கள் கிராமத்திலுள்ள கொட்டகையில் தரம் பிரித்துக் கட்டுவர். மகோகனி மரத்தைப்போல் பெருந்தொகை வராது. ஆனால் வருடத்தின் பெரும்பகுதியில் வாராவாரம் காசு வரும்.

முன்னர் இதில் ஒரு கெடுதி இருந்தது. தரகர் இலையை எண்ணிக்கைப்படி வாங்கினார். வெட்டுபவன் நல்லது கெட்டது பாராமல் எல்லாவற்றையும் வெட்டினான். பட்டணத்திலே தரம் பிரிக்கும்போது பெருமளவு குப்பைக்குப் போயிற்று. செடியும் அழிந்தது, கூலியும் உயரவில்லை. பின்னர் கிராமங்களே தரம் பிரிக்கும் கொட்டகைகளை அமைத்து, நல்ல இலைக்கு நல்ல விலை என்ற முறையைக் கொண்டுவந்தன. வெட்டுபவன் பார்த்து வெட்டத் தொடங்கினான். 2005ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவிலுள்ள கிறிஸ்தவ ஆலயங்கள் பல, குருத்தோலை ஞாயிறுக்கான ஓலைகளை இத்தகைய கிராமங்களிலிருந்து சற்றுக் கூடிய விலை கொடுத்து வாங்குகின்றன. அங்கே பவனியில் ஏந்தும் ஓலை எங்கிருந்து வந்ததென்று யோசித்த யாரோ ஒருவரின் மூளையில் உதித்த நல்ல எண்ணம் இது.

விழுந்தவர்கள்

பன்னிரண்டு ஒப்பந்தங்களும் நிலைத்தன என்று எழுதினால் அது பொய். மூன்று கிராமங்கள் காலப்போக்கில் ஒப்பந்தத்தை இழந்தன. அவற்றுள் ஒன்று, 1994இல் எல்லோருக்கும் முதலாவதாக ஒப்பந்தம் பெற்ற சான் மிகேல் லா பலொத்தாடா. மற்றவை லா பசாதீத்தா, லா கொலொராதா. ஏன் விழுந்தன?

இக்கிராமங்களில் இருந்தவர்கள் பெரும்பாலும் காணி தேடிப் பிற்காலத்தில் வந்த விவசாயிகள். அவர்களுக்குப் பாலும் ஷாத்தேயும் பழக்கமில்லை. சேனை வெட்டிச் சோளம் போடுவதே தெரியும். சான் மிகேலின் காடு சிறியது. பெறுமதியான மரமும் குறைவு. மகோகனிக் காசு கைக்கு வந்த மாதம் போக மீதி மாதங்களிற் காடு அவர்களுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அந்நேரத்தில் மாட்டுப்பண்ணை முதலாளி வாசலில் நின்றார். ஒப்பந்தக் காட்டை விற்கமுடியாது என்பது சட்டம். ஆனால் துண்டு துண்டாகக் கைமாறியது. மரம் எரிந்தது, புல் முளைத்தது, மாடு வந்தது. விற்ற குடும்பம் கொஞ்சக் காலத்திற் காசையும் தின்று, மேலும் உள்ளே காடு வெட்டப் போயிற்று. இறுதியில் அரசு ஒப்பந்தத்தை நீக்கியது.

விவசாயிக்குக் காட்டுத் தொழில் சரிவராது என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. ஆர்போல் வேர்தே என்னும் அமைப்பின் உறுப்பினர்கள் காட்டுக்குள் வசிக்காதவர்கள். பல கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களின் தொழில் நிலைத்தது. ஒருவன் எங்கிருந்து வந்தான் என்பதைவிட, காடு அவன் வீட்டுச் செலவில் எத்தனை மாதங்களைச் சுமக்கிறது என்பதே பெரிதாகத் தோன்றுகிறது. அத்தோடு ஊன்றுவதற்கென்று தனியே ஒரு துண்டு நிலமும் இருத்தல் வேண்டும். வயல் இல்லாத விவசாயியிடம் காட்டைக் காக்கச் சொல்வது, பட்டினிக்காரனைப் பந்திக்குக் காவல் வைப்பது போலாகும்.

கணக்குப் புத்தகம்

நிலைத்தவர்களுக்கும் சோதனை வராமலில்லை. மரத்தொழிலில் செலவு முன்னே வரும், வரவு பின்னே வரும். மரம் எண்ணக் கூலி, பாதை திருத்தக் கூலி, டீசல், அனுமதிக் கட்டணம் எல்லாம் கொடுத்துப் பல மாதங்களின் பின்னரே மரம் விற்ற காசு வரும். அந்த இடைவெளியில் முற்பணத்தோடு வருகிறவர் வியாபாரி. முற்பணம் தந்தவர்தான் விலையைத் தீர்மானிப்பார். தொடக்க காலத்தில் பல கிராமங்கள் மரத்தை உருண்டையாகவே, வியாபாரி சொன்ன அளவுக்கும் சொன்ன விலைக்கும் கொடுத்தன. பின்னர் உறுப்பினர்களே மரத்தை அளக்கப் பழகினர், சில அமைப்புகள் தமக்கென மரம் அரியும் ஆலைகளைப் போட்டன, பலகையாக விற்றன. வித்தியாசத்தை அவர்கள் தங்கள் கண்ணாலேயே கண்டார்கள்.

இலாபத்தைப் பங்கிடுவதும் கடினமான விடயம். வருட முடிவில் எல்லாவற்றையும் பங்கிட்டுவிட்டால் அன்றைக்கு எல்லோரும் சிரிப்பார்கள். அடுத்த பருவம் மறுபடியும் வியாபாரியின் வாசலில் நிற்க வேண்டும். ஒன்றும் பங்கிடாவிட்டால், "எங்கள் காசு எங்கே?" என்று உறுப்பினர் கேட்பார், கேட்பதும் நியாயமே. ஒரு பகுதி பங்கு, ஒரு பகுதி அடுத்த பருவத்து முதல், ஒரு பகுதி பாடசாலைக்கும் வைத்தியத்துக்கும் என்று பொதுக்கூட்டத்தில் முன்கூட்டியே தீர்மானித்து எழுதிக்கொள்வதே வழி. தலைவர் நல்லவர் என்பதால் கணக்குக் காட்டத் தேவையில்லை என்று எண்ணுவோர் நம் சங்கங்களிலும் உண்டு. நல்லவருக்குத்தான் கணக்கு முதலில் தேவை. அவர்மேல் வரும் பழியை அது துடைக்கும்.

நிர்வாக சபையை அடிக்கடி மாற்றுவதும் பெத்தேனிற் சிக்கலாயிற்று. இரண்டு வருடத்தில் ஒருவர் தொழிலைக் கற்றுக்கொண்டு வரும்போது அவரது காலம் முடிந்துவிடும். புதியவர் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவார். மாற்றாமலே விட்டால் ஒரு குடும்பத்தின் கடையாகிவிடும். ஆகவே சபை மாறினாலும் மாறாத ஒரு முகாமையாளரையும் கணக்காளரையும் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே வந்தது. அவர்கள் சபைக்குப் பதில் சொல்லவேண்டும். சபை பொதுக்கூட்டத்துக்குப் பதில் சொல்லவேண்டும்.

இன்னொன்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு கிராமமும் ஓர் அரச சார்பற்ற நிறுவனத்தைத் துணையாக வைத்திருக்கவேண்டும் என்பது ஒப்பந்த விதி. உதவி கிடைத்தது உண்மை. ஆனால் திட்டம் எழுதுவதும் வாங்குவோரோடு பேசுவதும் நிறுவனத்தின் கையிலேயே தங்கின இடங்களிற் கிராமத்தவர் பார்வையாளராயினர். நாளடைவில் கிராமங்கள் அத்துணையை உதறி, தாமே வனத்துறைப் பட்டதாரிகளைச் சம்பளத்துக்கு அமர்த்தின. அபிவிருத்தி வேலை செய்யும் நம்மைப் போன்றவர்கள் இச்செய்தியைக் காதிற் போட்டுக்கொள்வது நல்லது.

2003ஆம் ஆண்டு கிராமங்கள் சேர்ந்து பொரெஸ்கொம் என்ற பொதுக் கம்பனியைத் தொடங்கின. மகோகனியை யாரும் வாங்குவார். பெயர் தெரியாத மற்றைய மரங்களை வாங்க ஆளில்லை. ஒரு கிராமத்தின் இரண்டு லொறி மரத்தைத் தேடி வெளிநாட்டு வியாபாரி வரமாட்டார். பல கிராமத்து மரத்தையும் ஓரிடத்திற் சேர்த்துத் தரம் பிரித்தபோது அம்மரங்களுக்கும் வழி பிறந்தது.

திரும்பி வந்தவர்கள்

மெக்சிக்கோ முகாம்களில் இருந்த அகதிகள் யாராவது தங்களுக்காகப் பேசுவார் என்று காத்திருக்கவில்லை. தமக்குள்ளே பிரதிநிதிகளைத் தெரிவுசெய்து, அரசுடன் நேரே பேசி, 1992ஆம் ஆண்டு ஒக்டோபரில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். திரும்பும் உரிமையும் காணி பெறும் வழியும் அதில் எழுதப்பட்டன. முதலாவது கூட்டம் 1993 ஜனவரியில் திரும்பிற்று. யூனியன் மாயா இட்சா என்னும் கூட்டுறவுச் சங்கம் அப்படித் திரும்பியவர்களுடையது. 1995ஆம் ஆண்டு பெத்தேனுக்கு வந்தனர். கிடைத்த காணி ஒரு தேசிய வனப் பூங்காவின் எல்லைக்குள் இருந்தது. அவர்கள் ஒரே ஊரவரல்லர். வெவ்வேறு மொழி பேசும் இனத்தவர். முகாமில் ஒன்றாயிருந்து கூட்டம் நடத்திப் பழகியதே அவர்களின் முதல். காணியின் ஒரு பகுதியைப் பயிருக்கு ஒதுக்கினர். ஒரு பகுதியைக் காடாக வைத்து, திட்டமெழுதி, மரம் விற்றனர். முகாமில் இருந்த காலம் வீண்காலம் என்று எண்ணுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். கூட்டக் குறிப்பு எழுதவும் பொருளாளரைக் கேள்வி கேட்கவும் முகாமிலேயே பழகலாம். அதற்குக் காணி தேவையில்லை.

பத்திரம் கையில் வந்தபின்னும் அதைக் காக்கவேண்டியிருந்தது. 2002ஆம் ஆண்டு பழைய மாயா நகரமான எல் மிராதோரைச் சுற்றிய பாதுகாப்பு வலயத்தை விரிக்கும் அரச அறிவித்தல் ஒன்று வந்தது. ஒப்பந்தக் காடுகள் சிலவும் அதனுள் அகப்பட்டன. ஒன்றியம் நீதிமன்றம் சென்றது. 2005இல் அது இரத்தாயிற்று. கிராமங்களுக்குச் சாதகமாக நின்ற சாட்சி, வானத்திலிருந்து எடுத்த படங்கள். மனிதர் தொழில் செய்த ஒப்பந்தக் காடு பச்சையாய் நின்றது. யாரும் தொடக்கூடாதென்று சட்டம் போட்ட லகுனா தெல் திக்ரே பூங்காவோ நெருப்பாலும் மாட்டுப்பண்ணையாலும் பெருமளவு அழிந்துகொண்டிருந்தது. கார்மெலீத்தாவின் 25 ஆண்டு முடிய முன்னரே, 2019ஆம் ஆண்டு, அதன் ஒப்பந்தம் இன்னும் 25 ஆண்டுகளுக்கு நீடிக்கப்பட்டது.

குழுக்களிற் பேசுவதற்கு

உங்கள் ஊரையண்டிய காட்டிலிருந்து மரம் வெட்டாமல் எடுக்கக்கூடியவை எவை? எந்தெந்த மாதத்தில் எது கிடைக்கிறது? பெண்களையும் முதியோரையும் கேட்டு ஒரு பட்டியல் எழுதுங்கள். வெறுமையாய் நிற்கும் மாதங்களுக்கு என்ன செய்வீர்கள்?

அவற்றை இப்போது வாங்குபவர் யார்? விலையைச் சொல்பவர் யார்? அவரிடம் முற்பணம் பெற்றவர்கள் உங்களில் எத்தனை பேர்?

அக்காட்டில் உங்களுக்குள்ள உரிமைக்கு எழுத்து மூலமான அத்தாட்சி ஏதும் உண்டா? உண்டென்றால் அதன் பிரதி யாரிடம் இருக்கிறது, எப்போது காலாவதியாகிறது?

உங்கள் சங்கத்தின் கணக்குப் புத்தகம் கடைசியாக எப்போது கூட்டத்தில் வாசிக்கப்பட்டது? அடுத்த கூட்டத்தில் அதை வாசிக்க ஓர் இளைஞரையும் ஒரு பெண்ணையும் இன்றைக்கே தெரிவுசெய்யுங்கள்.